ஓடைமேட்டுக் குப்பம் பானுமதி வீட்டு அடுப்பு ஒன்றா இரண்டா என்பது குறித்து

2003ஆம் வருடம் ஆகஸ்டு மாதம், செங்கல்பட்டு வீடு மனை வாங்கல் கண்காணிப்புத் தனி அலுவலகத்தில், விசாரணை அலுவலர் திரு. கஸ்தூரிரங்கன் முன்பு கொடுத்தது.

என் பெயர் பானுமதி. கணவர் பெயர் காலஞ்சென்ற இருசப்பன். வயது முப்பத்தாறு. விலாசம் ஓடைமேட்டுக் குப்பம், சதுரங்கப்பட்டினம் அஞ்சல், திருக்கழுக்குன்றம் வட்டம், காஞ்சிபுரம் மாவட்டம். தொழில் மீன் விற்பது. மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். என் பெயரை எழுதுவேன், மற்றதை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். பிள்ளைகள் இல்லை. பிறந்த ஊர் கடப்பாக்கம். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து மேற்படி விலாசத்தில் என் மாமியார் சம்பூர்ணம் அம்மாளுடன் குடியிருந்து வருகிறேன்.

என்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்பதைப் படித்துச் சொன்னார்கள். என் கொழுந்தன் சுதாகர் ஒரு மனு கொடுத்திருக்கிறார். எங்கள் வீட்டில் இரண்டு அடுப்பு இருந்தும் ஒன்று என்று குறைத்து எழுதிவிட்டார்கள் என்றும், கம்பெனி ஆள் கிருஷ்ணபிரசாத் என்னை மிரட்டியோ ஆசை காட்டியோ அப்படிச் சொல்ல வைத்தார் என்றும், கணக்கெடுத்த ஜெயகிருஷ்ணன் சார் அதற்கு உடந்தை என்றும் அதில் இருக்கிறதாம். இந்த அறையில் இப்போது நானும், ஐயாவும், எழுதுகிற அம்மாவும் மட்டும் இருக்கிறோம். சொந்தக்காரர் இல்லை, கம்பெனிக்காரர் இல்லை. என்னை யாரும் சொல்லிக்கொடுத்து அனுப்பவில்லை.

எங்கள் குப்பத்துக்கு வடக்கே எண்ணெய் சுத்திகரிக்கிற ஆலை இருக்கிறது. அதை நாங்கள் கம்பெனி என்றுதான் சொல்வோம். கம்பெனி மதில் முதலில் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதன் பிறகு புதுத் தொட்டிகள் கட்டி மதிலை ஓடைக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள். உயரமான குழாய் மேல் எந்நேரமும் நெருப்பு எரியும். கரண்டு போனாலும் எங்கள் தெருவில் வெளிச்சம் இருக்கும், என் மாமியார் அந்த வெளிச்சத்தில் அரிசியில் கல் பொறுக்குவார். ஆனால் கிணற்றுத் தண்ணீரில் மண்ணெண்ணெய் வாடை வந்தது. வெள்ளை வேட்டி காயப்போட்டால் சாம்பல் நிறத்தில் எடுக்க வேண்டியிருந்தது. அதனால் குப்பத்து வீடுகளை எல்லாம் கம்பெனி விலைக்கு எடுத்துக்கொண்டு, திருக்கழுக்குன்றம் ரோட்டில் புதுக் குடியிருப்பு கட்டிக் கொடுப்பது என்று முடிவானது. அந்த இடத்தை விட்டுப் போவதில் எனக்கு வருத்தம் இல்லை. நல்ல தண்ணீர் கிடைக்கும் என்றார்கள். போகத்தான் இருக்கிறோம்.

கம்பெனி ஜனங்களை ஏமாற்றாமலும், ஜனங்கள் கம்பெனியை ஏமாற்றாமலும் பார்க்க கவர்மெண்டு இந்த அலுவலகத்தை வைத்தது. ஒரு கூரையின் கீழ் இரண்டு மூன்று குடும்பம் இருப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம் என்பதால், கூரையை எண்ணாமல் அடுப்பை எண்ணுவது என்று வைத்தார்கள். அடுப்பு ஒன்றுக்கு வீடு ஒன்று. கொடுத்த வீட்டில் கொடுத்தவரே குடியிருக்க வேண்டும், மாதாமாதம் வந்து பார்ப்பார்கள், அடுப்பு எரியாமல் பூட்டிக் கிடந்தால் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். எந்தத் தெருவில் வீடு விழும் என்பது குலுக்கல். இதெல்லாம் மைக் வைத்து ஊருக்குச் சொன்னது.

போன ஐப்பசியில் என் கணவர் இறந்தார். அவரும் சுதாகரும் ஒரே போட்டில் தொழில் செய்து வந்தார்கள். அன்றைக்குக் கரைக்கு வந்து, எல்லாரும் சேர்ந்து போட்டை மேட்டுக்கு இழுத்தார்கள். நான் மீன் கூடையோடு பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் கயிற்றை விட்டுவிட்டு, "இரு, தோ வரேன்" என்று சொல்லி மணலில் உட்கார்ந்தார். மூச்சு வாங்குகிறார் என்றுதான் நினைத்தேன். சுதாகர், "இன்னாண்ணா, வயசாயிடுச்சா?" என்று கேட்டுச் சிரித்தார். அதன் பிறகு அவர் எழுந்திருக்கவில்லை. கையில் கயிற்றுத் தடம் சிவப்பாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே அந்தத் தடம் மறைந்துவிட்டது.

எங்கள் குப்பத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், அந்த வீட்டு அடுப்பை அணைத்து, சாம்பலை அள்ளிக் கடலோரம் கொட்டி, அடுப்பைச் சாணி போட்டு மெழுகி அப்படியே விட்டுவிடுவோம். கருமாதி வரைக்கும் அதில் நெருப்பு வைக்கக்கூடாது. சாப்பாடு பங்காளி வீட்டிலிருந்து வரும். எங்களுக்கு சுதாகர் வீட்டிலிருந்து வந்தது. சுதாகர் மனைவி லதா தினமும் கொண்டுவந்து வைத்துவிட்டு, நாங்கள் சாப்பிடும் வரைக்கும் உட்கார்ந்திருப்பாள்.

அந்த நாட்களில்தான் முதல் கணக்கெடுக்க வந்தார்கள். வந்த பையன் எங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான். அடுப்பு மெழுகிச் சுத்தமாக, ஒரு பொட்டு சாம்பல்கூட இல்லாமல் இருந்தது.

"இங்கே சமைக்கிறதில்லையாம்மா?" என்று கேட்டான்.

என் மாமியார், "எப்பிடி சமைப்போம்? என் சின்ன புள்ள வூட்லேர்ந்துதான் சோறு வருது" என்றார்.

அவன் எழுதிக்கொண்டு போய்விட்டான். அவன் வெளியூர்ப் பையன். அவன் கேட்டதும் சரி, இவர் சொன்னதும் சரி. எங்கள் வீட்டுக்கு அடுப்பே இல்லை என்று பதிவாகிவிட்டது. எங்களுக்கு அது அப்போது தெரியாது.

அதன் பிறகு கருமாதி முடிந்து எங்கள் அடுப்பில் மறுபடி நெருப்பு வைத்தோம். எங்களுடையது கொடி அடுப்பு. பெரிய வாய் ஒன்று, அதை ஒட்டிச் சின்ன வாய் ஒன்று, ஒரே நெருப்பு இரண்டுக்கும் போகும். பெரிய வாய் பக்கம் என் மாமியார் உட்கார்ந்து சோறு வடிப்பார். சின்ன வாய் பக்கம் நான் உட்கார்ந்து குழம்பு வைப்பேன். நான் இந்த வீட்டுக்கு வந்த மறுநாள் குழம்பு வைத்தேன், அவர் ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "இனிமே கொழம்பு உன்னுது" என்று சொன்னார். அதிலிருந்து அவர் குழம்புச் சட்டியையும் நான் சோற்றுப் பானையையும் தொட்டதில்லை.

கருமாதிக்குப் பிறகு முதல் தடவை மீன் குழம்பு வைத்தபோது கொடுவாத் தலை போட்டேன். தலை எப்போதும் என் கணவருக்கு. அன்றைக்குச் சட்டியில் தலை இருந்தது, யாருக்கு வைப்பது என்று தெரியவில்லை. மாமியார் தட்டில் வைத்தேன். அவர் எடுத்து என் தட்டில் வைத்தார். நான் திரும்ப வைத்தேன். "பானு, தின்னுடி" என்றார். "நீங்க தின்னுங்க அத்த" என்றேன். கடைசியில் பூனை தின்றது. அடுத்த தடவையும் பூனைதான் தின்றது. அந்தப் பூனை இப்போது நன்றாகக் கொழுத்துவிட்டது.

அதன் பிறகு மீன் ஏலம் விடுகிற கொட்டகையில் ஊரைக் கூட்டி அடுப்புக் கணக்கைப் படித்தார்கள். எங்கள் வீடு வரவில்லை. சுதாகர் அடுப்பில் ஆறு பேர் என்று படித்தார்கள். லதா எழுந்து, "எங்கூட்ல நாங்க ரெண்டு பேரு, பொண்ணுங்க ரெண்டு. மீதி ரெண்டு பேரு யாரு சார்? எனக்கே தெரியாம யாரு வந்து குந்திக்கினு கீறாங்க?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். விசாரித்ததில் அந்த இரண்டு பேர் நானும் என் மாமியாரும் என்று தெரிந்தது. அப்போது யாரும் சிரிக்கவில்லை. படித்தவர், ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம், மறு கணக்கு எடுப்போம், எப்போது வருவோம் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டோம் என்றார்.

அன்று முதல் குப்பத்தில் அடுப்புகள் கூடத் தொடங்கின. ஆட்டுக் கொட்டகையில் அடுப்பு வந்தது. கிணற்றடியில் அடுப்பு வந்தது. மண் அடுப்பு விற்கிறவர் வண்டியோடு குப்பத்திலேயே தங்கிவிட்டார். எங்கள் எதிர் வீட்டில் புருஷன் பெண்டாட்டி இருவரும் தனித்தனி அடுப்பு வைத்து, தங்களுக்குள் சண்டை என்று சொன்னார்கள். சண்டை என்பதைக் காட்டுவதற்காக அந்த அம்மாள் தெருவில் நின்று புருஷனைத் திட்டத் தொடங்கினாள். திட்டிக்கொண்டே போனதில் பழைய கதையெல்லாம் வெளியே வந்து, அது நிஜச் சண்டையாகி, அந்த ஆள் சில நாள் போட்டிலேயே படுத்துக்கொண்டார்.

அதன் பிறகு சுதாகர் சைக்கிளில் இரண்டு மண் அடுப்பு கட்டிக்கொண்டு வந்தார். எங்கள் கொடி அடுப்பின் மேல் கோணியைப் போட்டு மூடி, அதன் மேல் பழைய வலையைப் போட்டார். வாசல் பக்கம் ஓர் அடுப்பும் பின்பக்கம் ஓர் அடுப்பும் வைத்தார்.

"முன்னாடி கீறது அண்ணியுது. பின்னாடி கீறது அம்மாவுது. யார் கேட்டாலும் நாங்க தனித்தனின்னு சொல்லுங்க. ரெண்டு வூடு வரும்" என்றார்.

"ரெண்டு வூட்டை வெச்சிக்கினு இன்னாடா பண்றது? காலு ஒண்ணு இங்க, காலு ஒண்ணு அங்கயா?" என்று என் மாமியார் கேட்டார்.

"வாங்கிட்டு ஒண்ணா இருங்களேன்மா. யாரு கேக்கப் போறாங்க?"

"அவன்தான் மாசாமாசம் வந்து கேப்பேன்றானே" என்றார் என் மாமியார்.

சுதாகருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். ஒரு வீடு அதுகளுக்கு ஆகும் என்று நினைத்தார். அதில் தப்பு இல்லை. அந்தப் பிள்ளைகள் என் கையில் வளர்ந்தவை.

அன்று சாயங்காலம் நான் என் மாமியாரிடம், சுதாகர் நீங்கள் பெற்ற பிள்ளை, நான் வெளியிலிருந்து வந்தவள், என்னைச் சேர்த்து வைத்த ஆள் போய்விட்டார், நீங்கள் சுதாகரோடு போய் இருங்கள், நான் கடப்பாக்கத்தில் என் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்று சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அந்த லதா வைக்கிற புளித் தண்ணிய நான் சாகற வரைக்கும் குடிக்கணும், அதான உன் ஆசை?" என்று கேட்டார். எழுந்துபோய் என் தலையணையையும் அவருடையதையும் தட்டிப் போட்டார்.

கம்பெனி ஆள் கிருஷ்ணபிரசாத் எங்கள் வீட்டுக்கு வந்தாரா என்று கேட்டார்கள். வந்தார். மறு கணக்குக்கு முந்தின நாள் வந்தார். அவருடைய ஜீப் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் மணலில் மாட்டிக்கொண்டது. சக்கரத்துக்கு அடியில் போட இரண்டு தென்னங்கீற்று வேண்டும் என்று கேட்டார். என் மாமியார், "வூட்டையே எடுத்துக்கப் போற, ரெண்டு ஓலைக்கு இன்னா நைனா கூச்சம்? எடுத்துக்கோ" என்று சொல்லிக் கொடுத்தார். அவர் முகம் சிவந்துவிட்டது. ஜீப்பைப் பின்னாலிருந்து தள்ளியவர்களில் நானும் ஒருத்தி. மணல் எல்லாம் என் மேல் அடித்தது. போகும்போது அவர் எங்கள் வாசலில் வந்து நின்று நன்றி சொன்னார். அதைத்தான் சுதாகர் தூரத்திலிருந்து பார்த்தார். மிரட்டலும் இல்லை, ஆசை காட்டலும் இல்லை. அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த இரண்டு கீற்றும் திரும்பி வரவில்லை, அதற்கு நான் புகார் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் ஜெயகிருஷ்ணன் சார் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். நான் வாசல் அடுப்பில் இருந்தேன். என் மாமியார் பின்பக்க அடுப்பில் இருந்தார். இரண்டும் எரிந்துகொண்டிருந்தன. சுதாகர் ஓடிவந்து, "பாருங்க சார், தனித்தனியா சமைக்கிறாங்க" என்று காட்டினார்.

ஜெயகிருஷ்ணன் சார் என்னிடம், "இந்த அடுப்பு யாருடையதும்மா?" என்று கேட்டார்.

"என்னுது சார்" என்றேன்.

அவர் குனிந்து, கைக்குட்டையால் பிடித்துச் சட்டி மூடியைத் திறந்தார். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வேறு பாத்திரம் ஏதாவது இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்தார். அதன் பிறகு பின்பக்கம் போனார். நானும் கூடப் போனேன். அங்கே என் மாமியார் அடுப்பில் இருந்த பானையையும் அவரே திறந்து பார்த்தார். சோறு வெந்துகொண்டிருந்தது. அங்கேயும் சுற்றிப் பார்த்தார்.

"இந்தச் சோத்துக்குக் குழம்பு எங்கே?" என்று கேட்டார்.

"அவகிட்ட கீது" என்றார் என் மாமியார்.

"அந்தக் குழம்புக்குச் சோறு?"

"தோ, இங்க கீதே. கண்ணு தெரியலையா?"

அவர் பானையைத் திரும்ப மூடினார். அதன் பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

என் மாமியாருக்குக் கோபம் வந்தது. "இன்னாத்துக்கு சிரிக்கிற? சோத்த நான் வடிப்பேன், கொழம்ப அவ வெப்பா. எப்பவும் அதான" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே விளங்கியது. சுதாகர், "ஐயோ அம்மா!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

எனக்கும் அப்போதுதான் விளங்கியது. சுதாகர் சொன்னபடி நாங்கள் இரண்டு அடுப்பு மூட்டினோம். ஆனால் என் மாமியார் அவருடைய வேலையைச் செய்தார், நான் என்னுடைய வேலையைச் செய்தேன். தனித்தனி என்றால் இரண்டு சோறும் இரண்டு குழம்பும் வேண்டும் என்பது இருவருக்கும் தோன்றவே இல்லை. யாரும் சொல்லிக்கொடுத்து அப்படிச் சமைக்கவில்லை. சொல்லிக்கொடுத்திருந்தால் சரியாகச் செய்திருப்போம்.

அதன் பிறகு என் மாமியாரும் சிரித்தார். நானும் சிரித்தேன். லதா வந்து என்னவென்று கேட்டு, அவளும் சிரித்து, சுதாகர் முறைத்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். என் கணவர் போன பிறகு எங்கள் வீட்டில் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்து முடித்ததும் என் மாமியார் கோணியையும் வலையையும் இழுத்துப் போட்டுவிட்டு, கொடி அடுப்பின் பெரிய வாயில் சோற்றுப் பானையை எடுத்து வைத்தார். நான் சின்ன வாயில் குழம்பை வைத்தேன். ஜெயகிருஷ்ணன் சார் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அதன் பிறகு அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சிரிப்பதற்காகக் கேட்கவில்லை, சட்டப்படி கேட்கிறேன், சேர்ந்து இருக்கிறீர்களா, பிரிந்து இருக்கிறீர்களா, பிரிந்து என்றால் உங்களுக்கு ஒரு வீடு, அவருக்கு ஒரு வீடு, அவரவர் வீட்டில் அவரவர் இருக்க வேண்டும், சேர்ந்து என்றால் இருவர் பெயரிலும் ஒரே வீடு, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யோசிக்க ஒன்றும் இல்லை. சேர்ந்து என்றேன். என் மாமியாரையும் தனியாகக் கேட்டார். அவர் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. அவர் வந்து சாப்பிட உட்கார்ந்தார், நானும் உட்கார்ந்தேன், அதைப் பற்றிப் பேசவில்லை. ஜெயகிருஷ்ணன் சார் ஓர் அடுப்பு என்று எழுதினார். அது உண்மை. அவர் எதையும் குறைத்து எழுதவில்லை.

அதன் பிறகு சுதாகர் இந்த மனுவைக் கொடுத்தார். மனு கொடுத்தது எங்களுக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் அவர் எங்கள் வீட்டுக்கு மீன் கொடுப்பதை நிறுத்தவில்லை, நாங்களும் வாங்குவதை நிறுத்தவில்லை. இந்த விசாரணைக்கு அவருக்குப் போட்டை வாடகைக்குத் தந்த ஆளின் வேனில்தான் எங்களைக் கொண்டுவந்து விட்டார். வழியில் வண்டியை நிறுத்தி அவருடைய அம்மாவுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். "அண்ணி, உங்களுக்கு?" என்று கேட்டார். வாங்கிக்கொண்டேன். பொய் மனு என்று அவர் மேல் கேஸ் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அன்றைக்கு அண்ணன் மணலில் உட்கார்ந்ததைப் பார்த்து அவர் சிரித்துவிட்டார். அதை நினைத்து இப்போதும் ராத்திரியில் எழுந்து வெளியே வந்து நிற்பதாக லதா சொன்னாள். எங்களுக்கு நிறைய வாங்கித் தந்துவிட வேண்டும் என்று அவருக்கு ஓர் எண்ணம். அந்த எண்ணத்தில் எழுதியதுதான் மனு.

இன்றைக்கு மனுவை ஏற்றுக்கொண்டால் உனக்கு ஒரு வீடு முழுசாகக் கிடைக்கும், அது தெரியுமா என்று ஐயா கேட்டார். தெரியும். புருஷன் இல்லாத, பிள்ளை இல்லாத பெண், வயதான காலத்தில் உன் பெயரில் ஒரு வீடு இருப்பது நல்லதுதானே என்று கேட்டார். நல்லதுதான். அதை ஐயா என் நன்மைக்குத்தான் கேட்டார் என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் அப்படி எழுதினால் மாதாமாதம் ஆள் வந்து என் அடுப்பு தனியாக எரிகிறதா என்று பார்ப்பார். என் மாமியார் அடுப்பு தனியாக எரிகிறதா என்று பார்ப்பார். நான் சோறு வடிக்க வேண்டும், அவர் குழம்பு வைக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் அவர் எவ்வளவு புளி போடுவது என்பதையே மறந்திருப்பார். அவர் சாப்பிட்டாரா இல்லையா என்று தெரியாமல் நான் இங்கே சாப்பிட முடியாது. நான் சாப்பிட்டேனா என்று தெரியாமல் அவரும் அங்கே சாப்பிட மாட்டார். அவர் பெற்ற பிள்ளை, நான் கட்டிய புருஷன், இருவருக்கும் ஒரே ஆள்தான் போனார். அந்த ஆள் எப்படிச் சாப்பிடுவார், குழம்பில் எதைத் தள்ளி வைப்பார் என்பதெல்லாம் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். தனியாக இருந்தால் அதைப் பேச ஆள் இல்லை.

அதனால் இருவர் பெயரிலும் ஒரே வீடு என்று எழுதியது அப்படியே இருக்கட்டும். எந்தத் தெருவில் விழுந்தாலும் சரி. இதை நான் சுயபுத்தியோடு, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் சொல்கிறேன்.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று ஐயா கேட்டார். ஒன்று இருக்கிறது. புதுக் குடியிருப்பில் மாதிரிக்கு ஒரு வீடு கட்டிக் காட்டினார்கள். சமையல் அறையில் மேடை கட்டி, ஒருத்தர் நின்று சமைக்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள். என் மாமியாருக்கு முழங்கால் வலி. "நின்னுக்கினே சமைக்க நான் இன்னா ஓட்டல் மாஸ்டரா?" என்று அங்கேயே கேட்டார். மேடையை நாங்கள் குறை சொல்லவில்லை, அதில் பாத்திரம் அடுக்கிக்கொள்வோம். பின்பக்கத்தில் ஒரு கொடி அடுப்பு போட்டுக்கொள்ள அனுமதி வேண்டும். இரண்டு பக்கமும் ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டால் போதும். மண் நாங்களே கொண்டுவருவோம். இது இந்த விசாரணையில் சேராது என்று ஐயா சொன்னார். சேராவிட்டாலும் எழுதிக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். எழுதிக்கொண்டார்கள்.

என்னைக் கூப்பிடுவதற்கு முன்பே என் மாமியாரைத் தனியாக உள்ளே கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை, ஐயாவும் சொல்லக்கூடாது என்றார். சின்ன மகனோடு இருக்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தாலும் அது அவருடைய உரிமை, நான் கோபப்பட மாட்டேன். ஆனால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். அவர் வெளியே வந்ததும் மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டு, சுதாகர் ஓட்டலுக்குக் கூப்பிட்டதற்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார். அது ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது. நான் வந்த பிறகுதான் சாப்பிடுவார். காலையில் கிளம்பும்போது சமைத்துக் கட்டிக்கொண்டு வந்தோம். சோற்றுத் தூக்கு அவரிடம் இருக்கிறது. குழம்புத் தூக்கு இங்கே என் காலடியில் இருக்கிறது. கொடுவாத் தலை போட்டிருக்கிறேன், இந்தத் தடவை வெட்டும்போதே இரண்டாகப் பிளந்துதான் போட்டேன்.

இதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. நான் சொன்னதை எழுதுகிற அம்மா மெதுவாக வாசிக்கக் கேட்டேன். நான் சொல்லாத எதுவும் இதில் சேரவில்லை, சொன்ன எதுவும் விடுபடவில்லை. எல்லாம் நடந்தது நடந்தபடி. நேரம் ஆகிறது, மாமியார் பசி தாங்க மாட்டார் என்பதால் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்துகொள்கிறேன்.

(ஒப்பம்) இ. பானுமதி

என் முன்பாக வாசித்துக் காட்டப்பட்டு, சரி என்று ஒப்புக்கொள்ளப்பட்டது.
கஸ்தூரிரங்கன், விசாரணை அலுவலர்